ஹேண்டில்பாரை உடம்பு தீர்மானிக்கட்டும்

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் சென்னையை ஒட்டிய ஆலைகளில் தயாரிக்கும் இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒன்று இன்டர்செப்டர் 650, மற்றொன்று கான்டினென்டல் ஜிடி 650. இரண்டும் 2018 நவம்பரில் ஒன்றாகவே இந்தியச் சந்தைக்கு வந்தன. அதே 648 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின், அதே கியர்பாக்ஸ், அதே ஃபிரேம். ஆனால், முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்து நிற்கிறது. இரண்டாவதில் உடம்பு டேங்க்கை நோக்கிச் சாய்கிறது. டேங்க்கும் சீட்டும் வேறு; ஜிடியில் ஃபுட்ரெஸ்ட்டும் சற்றுப் பின்னே தள்ளியிருக்கிறது. என்றாலும், உட்காரும் தோரணையை மாற்றுவதில் பெரும்பங்கு ஹேண்டில்பாருடையது. இன்டர்செப்டருக்குக் குறுக்குக் கம்பி வைத்த, அகலமான, உயர்ந்த ஹேண்டில்பார். ஜிடிக்கு ஃபோர்க் குழாய்கள் இரண்டிலும் தனித்தனியே கவ்வி நிற்கும் தாழ்ந்த கிளிப்-ஆன்.

ஹேண்டில்பார் மாறினால் வண்டியே வேறு, ஓட்டுபவரும் வேறு என்பதைத் தயாரிப்பாளரே இப்படி ஒப்புக்கொண்டு இரண்டு பெயர்களில் விற்கிறார். காசு கொடுத்து வாங்கியவர் அதே வேலையைத் தன் வண்டியில் செய்தால் மட்டும் நிலைமை தலைகீழ். போலீஸ்காரர் சந்தேகமாகப் பார்க்கிறார். சர்வீஸ் சென்டரில் வாரன்டி போகும் என்கிறார்கள். கடையில் எது தரமான இரும்பு, எது வெறும் குரோம் பூசிய குழாய் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஹேண்டில்பார் மாற்றுவதை விளையாட்டுத்தனம் என்றே ஒதுக்கிவிட்டதன் விளைவு இது. மோட்டார் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டில், மனித உடம்பும் இயந்திரமும் சந்திக்கும் மிக முக்கியமான இடத்தைப் பற்றி நாம் காட்டும் இந்த அலட்சியம் எனக்குக் கவலை தருகிறது.

ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கும் ஆறடி உயரமுள்ள ஆணுக்கும் ஷோரூமில் ஒரே ஹேண்டில்பார்தான் கொடுக்கிறார்கள். காருக்குள் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், பல கார்களில் ஸ்டீயரிங்கையும் ஏற்றி இறக்கலாம். சாதாரண மோட்டார் சைக்கிளில் அப்படி எதுவும் கிடையாது. உட்காரும் இடம், கால் வைக்கும் இடம், கை பிடிக்கும் இடம் என்ற மூன்று புள்ளிகளையும் தயாரிப்பாளர் ஒரு சராசரி உடம்பை மனத்தில் வைத்துத் தீர்மானித்துவிடுகிறார். அந்தச் சராசரிக்கு வெளியே இருப்பவருக்கு மணிக்கட்டு வலி, தோள்பட்டை இறுக்கம், கழுத்து வலி, விரல் மரத்துப்போதல் என்று ஏதாவது ஒன்று வந்து சேர்கிறது. நாளெல்லாம் வண்டியிலேயே இருக்கும் உணவு டெலிவரி ஊழியரும் மருந்து விற்பனைப் பிரதிநிதியும் இந்த வலியை வேலையின் ஒரு பகுதியென்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மூன்று புள்ளிகளில் எளிதாகவும் குறைந்த செலவிலும் மாற்றக்கூடியது கை பிடிக்கும் இடம்தான்.

விரல்கள் மரத்துப்போவதில்கூட ஒரு குறிப்பு இருக்கிறது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரமாகச் செல்லும் நரம்பு அழுந்துகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால், மணிக்கட்டின் நடுவில் செல்லும் நரம்பு நெருக்கப்படுகிறது. கையில் விழும் எடையும், மணிக்கட்டு மடங்கும் கோணமும், கிரிப் வழியாக ஏறும் அதிர்வும் சேர்ந்து செய்யும் வேலை இது. வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், மருந்து சாப்பிட்டுவிட்டு மறுநாள் அதே கோணத்தில் அதே கையை மடக்கிக்கொண்டு போனால் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

தோற்றத்துக்காக மாற்றுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மோட்டார் சைக்கிள் வடிவமைப்பின் வரலாறே அப்படித்தான் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லண்டனில் ஏஸ் கஃபே போன்ற சாலையோர விடுதிகளில் கூடிய இளைஞர்கள் பந்தய வண்டிகளைப் பார்த்துத் தங்கள் வண்டிகளின் ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள். 'கஃபே ரேசர்' என்ற வகை அங்கிருந்து பிறந்தது. 1960-களில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு, ஆலையிலிருந்தே கிளிப்-ஆன் பொருத்திய கான்டினென்டல் ஜிடி 250-ஐ வெளியிட்டது. தெருவில் பையன்கள் செய்ததைப் பின்னால் நிறுவனம் செய்தது. இன்று சென்னையில் தயாராகும் ஜிடி 650-இன் பெயர் அந்த வழியில் வந்ததுதான். மாற்றிப் பார்க்கும் கைகள் இல்லையென்றால் அந்த வண்டியே இல்லை.

ஆனால், தோற்றத்தை மட்டும் பார்த்து ஹேண்டில்பார் வாங்கக் கூடாது. ஹேண்டில்பார் ஒரு நெம்புகோல். அகலம் கூடினால் திருப்புவதற்கு வேண்டிய விசை குறையும். கரடுமுரடான பாதையிலும் குறைந்த வேகத்திலும் அது வரம். அதே அகலம் நெடுஞ்சாலையில் கைகளை விரித்து வைக்கிறது. காற்று மார்பில் அறைகிறது, உடம்பின் சிறு அசைவுகூட முன்சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது, வண்டி லேசாக நெளியத் தொடங்குகிறது. குறுகிய ஹேண்டில்பார் நெரிசலில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இடையே புகுந்து வர உதவும். ஆனால், வளைவில் அழுத்தித் திருப்ப வேண்டும். கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டால் இடப்பக்கம் திரும்புவதற்கு நாம் இடது கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுகிறோம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே கை அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஹேண்டிலை மாற்றும்போது கைக்குப் பழகிய அந்தக் கணக்கும் மாறுகிறது. புதிய ஹேண்டில் பொருத்திய முதல் சில நாட்கள் நிதானமாக ஓட்டச் சொல்வது இதனால்தான்.

உயரத்துக்கும் விலை உண்டு. ஹேண்டில் உயர்ந்தால் உடம்பு பின்னே சாயும். எடை மணிக்கட்டிலிருந்து இறங்கி முதுகெலும்பின் அடியில் உட்காரும், முன்சக்கரத்தின் மேல் விழும் பாரம் குறையும். தாழ்ந்தால் எல்லாம் எதிர்மாறாக நடக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கிளிப்-ஆன் பிடித்துக் குனிந்திருப்பவருக்கு எதிர்க்காற்றே கொஞ்சம் எடையைத் தாங்கிக்கொள்ளும். அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஊர்பவருக்கு அந்தக் காற்று கிடையாது. முழுப் பாரமும் இரண்டு மணிக்கட்டுகளில். இருபது வயதில் இது தெரியாது. நாற்பதில் கழுத்து சொல்லும்.

அளந்து வாங்குங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் காசில்லாத ஒரு சோதனை செய்யலாம். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில்பாரைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தினால், இருக்கிற ஹேண்டிலையே முன்னும் பின்னும் சற்றுச் சுழற்றலாம். பிரேக், கிளட்ச் லீவர்களின் கோணத்தையும் மாற்றலாம். சீட்டில் இயல்பாக உட்கார்ந்து விரல்களை லீவர் மேல் நீட்டும்போது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பலருடைய மணிக்கட்டு வலி இந்த ஒரு சரிசெய்தலிலேயே குறைந்துவிடும். ஷோரூமில் வண்டியை ஒப்படைக்கும்போதே இதைச் செய்து தரலாம். கேட்டு வாங்க வேண்டியது வாடிக்கையாளரின் உரிமை.

அதில் தீரவில்லையென்றால் அடுத்தது ரைசர். கிளாம்புக்கு அடியில் வைத்து ஹேண்டிலை 20, 30 மில்லிமீட்டர் உயர்த்தும் உலோகத் துண்டு. பழைய ஹேண்டிலே இருக்கும், கேபிள்களும் பெரும்பாலும் எட்டிவிடும். அதற்கும் மேல் மாற்றம் வேண்டுமென்றால்தான் புதிய ஹேண்டில்பார்.

ஒருவர் துணையோடு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, தோள்களைத் தளர்த்தி, முழங்கையை லேசாக மடித்துக் கைகளை நீட்டுங்கள். கைகள் இயல்பாக நிற்கும் இடத்துக்கும் இப்போதைய கிரிப் இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைத் துணைக்கு வந்தவர் அளக்கட்டும். எவ்வளவு மேலே, எவ்வளவு பின்னால், எவ்வளவு அகலம் என்ற மூன்று எண்கள் கிடைக்கும். பழைய ஹேண்டிலின் மொத்த அகலம், நடுப்பகுதியிலிருந்து கிரிப் வரை எழும் உயரம், ஓட்டுபவரை நோக்கிப் பின்னே வளையும் தூரம் ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ, இணையக் கடையிலோ எங்கே வாங்கினாலும் இந்த எண்கள்தான் பேச வேண்டும். படத்தில் அழகாக இருக்கும் நேர்க்கம்பி ஹேண்டிலைச் சாதாரண வண்டியில் மாட்டினால், கிரிப் கீழேயும் முன்னேயும் போய்விடும். நிமிர்ந்து ஓட்டிப் பழகியவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

குழாயின் விட்டம் அடுத்த விஷயம். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் கிரிப் மாட்டும் இடம் 22 மில்லிமீட்டர். கிளாம்ப் கவ்வும் நடுப்பகுதி பலவற்றில் அதே 22 மி.மீ., சிலவற்றில் 28.6 மி.மீ. நடுவில் பருத்து ஓரத்தில் மெலியும் இந்தப் பிந்தைய வகை கரட்டுச் சாலை வண்டிகளில் புகழ்பெற்றது. வளைவைத் தாங்கும் பலம் அதிகம். ஹார்லி-டேவிட்சன் வகை வண்டிகளுக்கு 25.4 மி.மீ., அதாவது ஓர் அங்குலம். விட்டம் பொருந்தாத ஹேண்டிலைத் தகரத் துண்டு சுற்றி, கிளாம்பில் இறுக்கி நிறுத்தும் வேலையை யார் செய்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கும்போது கையிலுள்ள ஹேண்டில் கிளாம்புக்குள் சுழல்வதை நினைத்துப் பாருங்கள்.

இரும்பா, அலுமினியமா என்ற கேள்விக்கு என் பதில், அன்றாடப் பயன்பாட்டுக்கு நல்ல இரும்பு ஹேண்டிலே போதும். விழுந்தால் பெரும்பாலும் வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியும். எடை கூடுதல் என்பதால் ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும். தரமான அலுமினியக் கலவை ஹேண்டில்கள் இலகுவானவை, பந்தயங்களிலும் மோட்டோகிராஸிலும் நிரூபித்தவை. 1969 முதல் இங்கிலாந்தில் ஹேண்டில்பார் செய்துவரும் ரெந்தால் போன்ற நிறுவனங்களின் பெயர் அதில்தான் நிலைத்தது. ஆனால், அலுமினியம் ஒரு முறை வளைந்தால் அதை நிமிர்த்தக் கூடாது. உள்ளே விரிசல் பிறந்திருக்கும், முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் முறியும். வளைந்த ஹேண்டிலை இரும்புக் குழாய் செருகி நிமிர்த்துவதும், முறிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, உயிர் தொங்கும் கம்பியை ஒட்டுப்போடுவது இது. வெல்டிங் வைத்த ஹேண்டில்பாரோடு யாரும் சாலைக்கு வரக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கம்பி மட்டும் மாறுவதில்லை

ஹேண்டில்பார் மாற்றுவது அரை மணி நேர வேலை என்ற எண்ணம்தான் ஆபத்துகளின் தொடக்கம். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டர், கிளட்ச், முன்பிரேக், ஹாரன், விளக்குகள், இண்டிகேட்டர், கண்ணாடிகள் எல்லாம் நிற்கின்றன. ஓட்டுபவர் வண்டிக்குக் கொடுக்கும் கட்டளைகளில் பின்பிரேக், கியர் தவிர மற்றவையெல்லாம் அந்த இரண்டு கைப்பிடிகள் வழியேதான் போகின்றன.

முதலில் டேங்க்கின் மேல் கனமான துணியைப் போட வேண்டும். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட்டைத் தின்றுவிடும். பிரேக் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியதும் தலைகீழாகத் தொங்கவிடாமல், மூடி மேலே இருக்கும்படி கட்டி வைக்க வேண்டும். கவிழ்ந்தால் உள்ளே காற்று புகும். பழைய கேபிள்களும் வயர்களும் எந்த வழியே போகின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்வது பின்னால் நிறையத் தலைவலியைக் குறைக்கும்.

ஸ்விட்ச் பெட்டிகளுக்குள் சிறிய குமிழ் போன்ற பின் ஒன்று இருக்கும். அது ஹேண்டிலில் உள்ள துளையில் போய் உட்கார்ந்து, ஸ்விட்ச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். புதிய ஹேண்டிலில் அந்தத் துளை பெரும்பாலும் இருக்காது. பல பட்டறைகளில் அந்தப் பின்னை வெட்டி எறிந்துவிட்டு மாட்டிவிடுகிறார்கள். சில மாதங்களில் ஆக்ஸிலரேட்டர் பக்கத்து ஸ்விட்ச் பெட்டி மெல்லச் சுழலத் தொடங்கும். சரியான முறை, எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, ஓட்டுபவரை உட்கார வைத்து, கோணம் முடிவான பிறகு பின்னின் இடத்தைக் குறித்துக்கொண்டு அளவான துளை இடுவது. ஹேண்டில் தயாரிப்பாளர் துளையிடக் கூடாது என்று சொல்லியிருந்தால் அதை மதிக்க வேண்டும். வயர்களை ஹேண்டிலுக்குள் செலுத்தும் வகையென்றால், துளையின் விளிம்பை வழவழப்பாக அரம் போட்டு, ரப்பர் வளையம் வைக்காமல் விடக் கூடாது. கூரான விளிம்பு வயரின் தோலை அறுத்து, மழைநாள் இரவொன்றில் விளக்கு மொத்தமும் அணைந்துபோகும்.

கேபிள் நீளம்தான் உயிர்நாடி. ஹேண்டில் இரண்டு அங்குலம் உயர்ந்தாலே ஆக்ஸிலரேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் இழுபடலாம். இழுபட்ட கேபிளோடு எப்படியோ மாட்டி அனுப்பினால் என்ன நடக்கும்? யூ-டர்ன் போட ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது, கை முறுக்காமலே கேபிள் தானாக இழுபட்டு இன்ஜின் வேகம் எடுக்கும். எதிரே பஸ் வரும்போது வண்டி பாயும். இதைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது: வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் துளிகூட மாறக் கூடாது. மாறினால் அந்த வண்டியைப் பட்டறையைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். அதேபோல், எந்தக் கோணத்தில் ஹேண்டில் இருந்தாலும் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக் கையை எடுத்ததும் அது சட்டென்று தானாகத் திரும்பி வர வேண்டும். கிளட்ச் லீவரில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். கட்டைவிரல் ஹேண்டிலுக்கும் டேங்க்குக்கும் இடையில் நசுங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிரேக் ஹோஸ் எட்டவில்லையென்றால் அதை இழுத்துக் கட்டக் கூடாது, நீளமான புதிய ஹோஸ்தான் மாட்ட வேண்டும். இணைப்பு போல்ட்டின் இருபுறமும் வரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும். பழையவை ஒரு முறை நசுங்கியவை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில், புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் ஏபிஎஸ் கட்டாயமாகியிருக்கிறது. இத்தகைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் ஆயில் நேராகச் சக்கரத்துக்குப் போகாமல் ஏபிஎஸ் மாடுலேட்டர் வழியே போகிறது. அதற்குள் காற்று புகுந்துவிட்டால் சாதாரண முறையில் வெளியேற்றுவது கடினம். சில மாடல்களுக்குக் கணினிக் கருவி வேண்டும். ஏபிஎஸ் வண்டியில் பிரேக் ஹோஸைத் தொட வேண்டியிருந்தால், அதைக் கையாளத் தெரிந்த இடத்துக்கு மட்டும் போங்கள்.

கிளாம்ப் போல்ட்டை 'நல்லா டைட்டா' வைப்பது நம் மெக்கானிக்குகளின் பழக்கம். கையளவில் முறுக்கினால் ஒன்று போதாமல் போகும், அல்லது அலுமினிய மரை அறுந்துபோகும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்று சர்வீஸ் மேனுவலில் எழுதியிருக்கும். 8 மி.மீ. போல்ட்டுகளுக்கு அது பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும். அதைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வராது. சில வண்டிகளில் முன்பக்கப் போல்ட்டுகளை முழுதாக இறுக்கி இடைவெளியைப் பின்பக்கம் மட்டும் விட வேண்டும். சிலவற்றில் இருபுறமும் சம இடைவெளி. இதையும் மேனுவல்தான் சொல்லும்.

கண்ணாடியைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், கடைசியில்தான் அதைக் கைவிடுகிறார்கள். புதிய ஹேண்டிலில் சரியாக உட்காரவில்லை என்று கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். பல யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடிக்கு மரை எதிர்த் திசையில் வெட்டியிருக்கும். அது தெரியாமல் முறுக்கி மரையை அழிப்பதும் நடக்கிறது. இரண்டு கண்ணாடிகளிலும் முழங்கைக்கு அப்பால் சாலை தெரியும்வரை வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இவ்வளவு கவனமும் எடுத்துச் செய்தவரைச் சாலையில் நிறுத்தினால் என்ன ஆகும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஹேண்டில்பாரின் அகலமோ உயரமோ நம் ஆர்.சி. புத்தகத்தில் இல்லை. ஆனால், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று பரந்த பொருளில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. மணிக்கட்டு வலிக்காக இரண்டு அங்குலம் உயரமான ஹேண்டில் மாட்டியவர் இதில் எங்கே நிற்கிறார்? வண்டியை நிறுத்தும் அதிகாரியின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்றால் அது சட்டத்தின் ஆட்சி ஆகாது.

காதைக் கிழிக்கும் சைலன்சரைப் பறிமுதல் செய்வதை நான் முழுதாக ஆதரிக்கிறேன். அது பிறருடைய அமைதியைக் குலைக்கிறது. எண் தகட்டை மறைப்பதும் அப்படியே. ஆனால், உடம்புக்குப் பொருந்த ஒருவர் செய்துகொள்ளும் மாற்றத்தை இவற்றோடு ஒரே கூடையில் போடுவது நியாயமல்ல. 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். வண்டி மீது முழுக் கட்டுப்பாடும் வசதியும் உள்ள ஓட்டுநர் சாலைக்குத் தேவையானவர். அதே புள்ளிவிவரம்தான், கண்ட இரும்பையும் மாட்டிக்கொள்ள விடக் கூடாது என்பதற்கும் காரணம்.

வேறு நாடுகள் இந்த முடிச்சை அவிழ்த்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில், சீட்டில் அமர்ந்தவரின் தோளைவிட ஆறு அங்குலத்துக்கு மேல் கைகள் உயரும்படி ஹேண்டில்பார் இருக்கக் கூடாது. குரங்கு தொங்குவதுபோல் கையை உயர்த்திப் பிடிக்கும் சாப்பர் வண்டிகளின் தாயகத்தில் அவர்கள் போட்ட எல்லை அது. தயாரிப்பாளரின் வரைபடத்தை அளவுகோலாக வைக்காமல் ஓட்டுபவரின் தோளை வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் வழி இன்னும் ஒழுங்கானது. அங்கே ஹேண்டில்பார் தயாரிப்பவர் தன் பொருளைச் சோதனைக்குக் கொடுத்து, எந்தெந்த மாடல்களுக்குப் பொருத்தலாம் என்ற பட்டியலோடு அரசு அனுமதிச் சான்றைப் பெறுகிறார். வாங்குபவர் அந்தத் தாளை வண்டியோடு வைத்துக்கொண்டால் போதும். தாளில் அடங்காத மாற்றமென்றால் தொழில்நுட்ப ஆய்வு மையத்தில் வண்டியைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

நம் சட்டத்திலும் இதற்கு வாசல் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 2019 திருத்தம் 52-வது பிரிவில் சேர்த்த வாசகத்தின்படி, வண்டிகளில் பிற்சேர்க்கையாகச் செய்யும் மாற்றங்களுக்கான தரத்தையும் அனுமதி நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம். அப்படி வகுத்தால், அந்த மாற்றத்தைக் காரணம் காட்டித் தயாரிப்பாளர் வாரன்டியை ரத்து செய்ய முடியாது. உடல் குறைபாடு உள்ளவர்கள் பதிவு அலுவலரின் ஒப்புதலோடு வண்டியைத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது. உடம்புக்கு ஏற்ப வண்டியை மாற்றலாம் என்ற கொள்கையைச் சட்டம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. குள்ளமானவர்களுக்கும் நெட்டையானவர்களுக்கும், முதுகு வலியோடு பிழைப்புக்காக ஓட்டுபவர்களுக்கும் அதை விரிப்பதில் தடை என்ன?

வகுக்க வேண்டிய விதி சிக்கலானதும் அல்ல. தோள் உயரத்தைத் தாண்டாத கைப்பிடி, குறிப்பிட்ட அகலத்துக்குள் அடங்கும் கம்பி, பலச் சோதனையில் தேறியதைக் காட்டும் அச்சிட்ட முத்திரை, பொருத்தலாம் என்று சோதித்த மாடல்களின் பட்டியல், பிரேக் ஹோஸைத் தொட்டால் மட்டும் ஆய்வாளரிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவை போதும். முத்திரை இல்லாத ஹேண்டில்பாரை விற்பவர் மீது நடவடிக்கை எடுக்கட்டும். பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஐ.டி.ஐ.க்கள் வழியாகக் குறுகிய காலப் பயிற்சி கொடுக்கலாம். அவர்கள் திறமைசாலிகள், சொல்லிக் கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இதை முன்னெடுக்கத் தமிழ்நாட்டுக்குத் தனித் தகுதி இருக்கிறது. 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு ஆலை இன்று ஒரகடம், வல்லம் வடகால் என்று வளர்ந்திருக்கிறது. ஓசூரில் டிவிஎஸ் இருக்கிறது, வல்லம் வடகாலில் யமஹாவும் இருக்கிறது. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்க மத்திய அரசு அமைத்த ஆய்வு மையமும் ஒரகடத்திலேயே இயங்குகிறது. ஹேண்டில்பாரை வளைத்தும் அதிர்த்தும் சோதிப்பது அந்த மையத்துக்குப் பெரிய காரியமாக இருக்காது. தமிழகப் போக்குவரத்துத் துறை இந்தக் கோரிக்கையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் எழுத்துபூர்வமாக வைக்க வேண்டும். அமைச்சகம் 52-வது பிரிவு தந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஹேண்டில்பாருக்கான தர விதியை வெளியிட வேண்டும். விதி வரும்வரை, உங்கள் வண்டியின் ஹேண்டிலை மாற்றுபவரிடம் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு கோடிக்கும் ஹேண்டிலைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சத்தம் மாறாவிட்டால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.